உயிரோடு சுவரில்

நம் வீடுகளில் சுவரில் ஏற வேண்டுமென்றால் ஒருவர் கல்யாணம் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் செத்திருக்க வேண்டும். பட்டமளிப்பு அங்கியோடு சுருட்டிய காகிதத்தைப் பிடித்து நிற்பவர்கள் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள், அதுவும் எல்லா வீடுகளிலும் இல்லை. கல்யாணப் படத்தில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் என்றாவது தனியே பிரித்தெடுக்கப்படுவார். ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தோளை அழித்து, பின்னணிக்கு நீலம் கொடுத்து, முகத்தைப் பெரிதாக்கித் தருவார். அதற்குச் சந்தனம், குங்குமம், பிளாஸ்டிக் மாலை, மினுக்கும் சீரியல் விளக்கு. மற்றவர் பழைய படத்திலேயே உட்கார்ந்திருப்பார். உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, கயிற்றில் முன்பக்கம் சாய்ந்து தொங்கும் இந்தப் படங்களை நாம் அண்ணாந்துதான் பார்த்து வளர்ந்தோம்.

தமிழ்நாட்டில் ஒருவர் முதல்முறையாகப் புகைப்படக் கண்காட்சி வைக்கும்போது இந்தச் சுவரில் பழகிய கண்ணோடுதான் வைக்கிறார். பார்க்க வருகிறவரும் அதே கண்ணோடுதான் வருகிறார். வெள்ளைச் சுவர், கறுப்புச் சட்டம், மேலிருந்து விழும் வெளிச்சம் என்று நாம் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்ட ஏற்பாடுகள் அந்தக் கண்ணுக்கு வேறு எதையோ சொல்லும். உயிரோடு இருப்பவரின் முகத்தைப் பெரிதாக்கி மாட்டி அதன்மேல் விளக்குப் போடுவது இங்கே சாதாரணக் காரியமல்ல. தூத்துக்குடி உப்பளங்களில் நான் எடுத்த படங்களை முதன்முதலாகச் சுவரில் ஏற்றியபோது ஓர் அம்மா இதை முகத்துக்கு நேராகவே கேட்டார். அவரிடம் பிறகு வருகிறேன்.

கலைக்கூடங்கள் இல்லாத ஊர்களிலும் கண்காட்சி இருந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டிய ஸ்டுடியோவின் முன்பக்கக் கண்ணாடிப் பெட்டி. நன்றாக வந்த முகங்களை ஸ்டுடியோக்காரர் அதில் வைப்பார். கன்னத்தில் கைவைத்த குழந்தை, கூலிங் கிளாஸ் போட்ட இளைஞன், பின்னால் நிலைக்கண்ணாடி வைத்துச் சடையலங்காரம் தெரிய நிற்கும் பெண். வெயில் பட்டுப் பட்டு எல்லாரும் நீலம் பாரித்திருப்பார்கள். தன் படம் அங்கே வராதா என்று தினமும் பார்த்துக்கொண்டு போனவர்கள் உண்டு. தன் பெண்ணின் படம் அங்கே இருக்கிறது என்று சொந்தக்காரர் சொல்லக் கேட்டு, அப்பாவும் தாய்மாமனுமாக வந்து சண்டை போட்டு, படத்தையும் நெகட்டிவையும் வாங்கிக்கொண்டு போன கதை ஏறக்குறைய எல்லா ஊர் ஸ்டுடியோவுக்கும் உண்டு. அந்தச் சண்டைகளில் பெண்ணை அடக்கி வைக்கும் புத்தி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. படம் எடுக்கக் கொடுத்த சம்மதமும் நாலு பேர் பார்க்க மாட்டுவதற்கான சம்மதமும் ஒன்றா என்ற கேள்வியை நம் ஊரில் முதலில் எழுப்பியவர்கள் கலை விமர்சகர்கள் அல்ல, அந்த ஸ்டுடியோ வாசலில் கத்தியவர்கள்தாம்.

இப்போலித் பயாருக்கு இந்தத் தொல்லை இல்லை. பிரெஞ்சு நிதியமைச்சகத்தில் எழுத்தராக இருந்த அவர் 1839 ஜூன் 24ஆம் தேதி பாரிஸில் ஓர் ஏலக்கூடத்தில் தன் புகைப்படங்கள் முப்பதைப் பார்வைக்கு வைத்தார். அந்த ஆண்டு ஜனவரியில் மார்த்தினிக் தீவில் நிலநடுக்கம். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் திரட்ட ஓவியங்களை மாட்டியிருந்தார்கள், அவற்றின் நடுவே இவர் படங்கள். இதே முயற்சியில் இருந்த இங்கிலாந்துக்காரர் டால்பட் ஜனவரியிலேயே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் ‘ஒளிவரைவு’களை வைத்ததுண்டு, ஆனால் அது அறிவியல் அன்பர்கள் கூடும் இடம். தெருவில் போகிறவரும் நுழைந்து பார்க்கக்கூடிய முதல் புகைப்படக் கண்காட்சி என்று பெரும்பாலும் பயாருடையதையே சொல்வார்கள். போட்டியாளரான டாகரின் புகைப்படச் செய்முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகு, ஆகஸ்ட் 19ஆம் தேதி. நீண்ட நேரம் வெளிச்சம் படவேண்டியிருந்ததால் சிலைகள், சுண்ணாம்பு வார்ப்புகள், கட்டடங்கள் போன்ற ஆடாத பொருள்களே பயாருக்குத் தோதாக இருந்தன. சிலை தன் படத்தைப் பார்க்க வராது.

இத்தனையிருந்தும் பேரும் பணமும் டாகருக்குப் போயின. அவருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க் ஓய்வூதியம். பயாருக்குக் கருவிகள் வாங்கிக்கொள்ள 600 பிராங்க். டாகரின் ஆதரவாளரான அரகோ பயாரைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொன்னதாகவும் வரலாறு. 1840 அக்டோபரில் பயார் ஒரு படம் எடுத்தார். இடுப்புக்கு மேல் ஆடையில்லாமல், கண்மூடி, சுவரில் சாய்ந்து கிடக்கும் ஒருவர். அதன் பின்பக்கத்தில் ஒரு குறிப்பு. அரசு டாகருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு இவரைக் கைவிட்டது, பாவப்பட்ட மனிதர் தண்ணீரில் விழுந்து செத்தார், பிணவறையில் பல நாள் கிடந்தும் கேட்பாரில்லை, முகமும் கைகளும் அழுகத் தொடங்கிவிட்டன, பார்வையாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடலாம் என்கிற மாதிரி. பிணமாக நடித்தவர் அவரேதான். முகமும் கைகளும் கறுத்துத் தெரிவது அழுகலால் அல்ல, வெயிலில் காய்ந்ததால். அந்த ‘பிணம்’ 1887 வரை வாழ்ந்தது.

இந்தப் படத்தைப் புகைப்பட உலகின் முதல் பொய் என்றும் முதல் கேலி என்றும் எழுதுவார்கள். எனக்கு உறைப்பது அதுவல்ல. முதல் கண்காட்சி வைத்தவர் அடுத்த ஆண்டே தன்னைச் செத்தவனாகக் காட்டினார் என்பதுதான். அவர் தமிழ்நாட்டு வீட்டுக் கூடத்தைக் கண்டவரல்லர். ஆனாலும் காட்சிக்கு வைக்கப்பட்ட முகத்துக்கும் சாவுக்கும் உள்ள உறவு ஏதோ ஒரு வழியில் அவருக்கும் எட்டியிருக்கிறது.

சென்னைக்கு இந்தக் கலை வந்ததும் கல்லிலிருந்துதான் தொடங்கியது. 1855 பிப்ரவரியில் நடந்த மதராஸ் கண்காட்சியில் லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனிப் படை அதிகாரி ஹளேபீடு, பேலூர் பக்கத்துக் கோயில்களை எடுத்த 68 படங்களை வைத்தார்; வந்தவற்றில் அவைதாம் சிறந்தவை என்றார்கள் நடுவர்கள். பிறகு அவரே மதராஸ் அரசின் புகைப்படக்காரராகித் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அசாத்தியமான வேலை. அந்தக் கோயில்களைச் சுற்றி நடமாடியவர்கள் அவர் காகித நெகட்டிவில் பதியவில்லை, அல்லது மங்கலாகத் தேய்ந்துபோனார்கள்.

இனி என் சின்ன வேலைக்கு வருகிறேன்.

உப்பளத்தில் படம் எடுப்பது ஒளியோடு மல்லுக்கட்டுவது. எதிரே முழுக்க வெள்ளை. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நம்பி அளக்கும். அதன் பேச்சைக் கேட்டால் உப்பு அழுக்காக விழும். ஒன்றோ ஒன்றரையோ ஸ்டாப் கூட்டினால் உப்பு வெள்ளையாகும். அப்போதும் உப்பில் தெறிக்கும் வெளிச்சத்துக்கு முன்னால் நிற்கும் கறுத்த முகம் இருண்டே கிடக்கும். முகத்துக்காக இன்னும் கூட்டினால் உப்பும் வானமும் வெறும் வெளிறலாகிப் பாத்தியின் வரப்பே காணாமல் போகும். அழகான உப்பா, தெரிகிற முகமா என்று ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் தேர வேண்டும். சுற்றுலாக் கையேடுகளில் தூத்துக்குடி உப்பளம் என்று வரும் படங்கள் பெரும்பாலும் உப்பைத் தேர்ந்தவை. வாருபலகையோடு நிழலுருவமாக ஒரு ஆள், பின்னால் மாலைச் சூரியன். அந்த ஆளை அவருடைய பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது.

ஆண்டுக்கணக்கில் எடுத்த படங்கள் ஹார்ட் டிஸ்கில் இருந்தவரை எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். சிக்காகோவில் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்த விவியன் மேயர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நெகட்டிவ்களை எவருக்கும் காட்டாமலே வைத்திருந்தார். வாடகை பாக்கிக்காக 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலம் போயின, 2009இல் அவர் இறந்தார், அதற்குப் பிறகு அவர் உலகப் புகழ் பெற்றார். இந்தக் கதையைப் புல்லரித்துச் சொல்பவர்களோடு என்னால் சேர முடிவதில்லை. காட்ட விரும்பாதவருக்கு அந்த உரிமை உண்டு என்பது ஒரு பக்கம். தெருவில் அவர் எடுத்த ஆயிரக்கணக்கான பேருக்கும் தாங்கள் எங்கே மாட்டப்பட்டிருக்கிறோம் என்று தெரியாமலே போயிற்று என்பது இன்னொரு பக்கம். காட்டாமல் இருப்பதில் ஒரு சொகுசும் இருக்கிறது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

தொழிற்சங்கத்து நண்பர் ஒருவர்தான் கேட்டார். “எடுத்து எடுத்துச் சேத்து வச்சு என்ன செய்யப் போறீரு? ஆளுக கண்ணுல காட்டும்வே.” ஐப்பசியில் வைக்க வேண்டும் என்பதும் அவர் யோசனையே. உப்பு வாரும் பருவம் தை மாசியில் தொடங்கி மழை வரும்வரை. மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும், வேலை இருக்காது, அப்போதுதான் அவர்களால் வர முடியும். கலைக்கூடக் கணக்குப்படி நல்ல வெயில் காலத்தில், விடுமுறையில் வைத்திருந்தால் ஊரே வந்திருக்கும், அவர்களைத் தவிர.

அச்சுப் போடக் கொடுத்த இடத்தில் ஒரு சுவாரசியம். லேப்பில் உட்கார்ந்திருந்த தம்பி நல்ல தொழில்காரர், நிறம் பார்ப்பதில் கெட்டி. நான் கொடுத்த ஃபைல்களைத் திரையில் திறந்ததுமே கை தானாகப் போய் முகங்களை வெளுக்கத் தொடங்கியது. கல்யாண ஆல்பம் போடும் எல்லா லேப்பிலும் இது கேட்காமலே நடக்கும் சேவை. வேண்டாம், இருக்கிறபடியே போடுங்கள் என்றேன். “ரொம்பக் கறுப்பா விழுவாங்கண்ணே, பாக்கிறவங்க லேப்பைத்தான் குறை சொல்லுவாங்க” என்றார். இந்த வழக்கத்தை அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. கோடக் நிறுவனம் 1950களிலிருந்து லேப்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவருடைய தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்று கொண்டார்கள். நம் லேப்கள் அந்தப் பாடத்தை அப்படியே வாங்கி, நம்முடைய சொந்த ஆசையையும் அதில் சேர்த்துக்கொண்டன. நான் பிடிவாதமாக இருந்தேன். பளபளப்பில்லாத மேட் தாளில், 18க்கு 24 அங்குலத்தில், வெயிலில் எப்படி இருந்தார்களோ அந்த நிறத்திலேயே அச்சாயிற்று. அது கொள்கை என்று அப்போது நினைத்திருந்தேன். இப்போதும் கொள்கைதான், ஆனால் யாருடைய கொள்கை என்பதில் இப்போது அத்தனை உறுதி இல்லை.

அடுத்தது, படத்துக்குக் கீழே பெயர் போடுவதா. போட வேண்டும் என்பது என் கட்சி. ஜூலியா மார்கரெட் கேமரன் என் மனத்தில் இருந்தார். 48 வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் தொடங்கி, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் லண்டனில் படங்களைக் காட்சிக்கு வைத்தவர். ஃபோகஸ் இல்லை, தட்டில் கறை, கைவேலை மோசம் என்று புகைப்பட இதழ்கள் அடித்துத் துவைத்தன, அவர் மாற்றிக்கொள்ளவில்லை. டென்னிசன், ஹெர்ஷல், டார்வின் என்று அவருடைய இங்கிலாந்துப் படங்களில் பெயர்கள் ஒளிவிடும். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். 1879இல் அங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்துத் தப்பியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் இருக்கும் உழைப்பாளிகள் எவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருந்தாலும் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்கிற வகையில்தான் தலைப்பு. அதே பெண், அதே கேமரா. கடல் தாண்டியதும் பெயர்கள் உதிர்ந்துவிட்டன.

ஆகவே பெயர் போட்டே தீர்வது என்று போய்க் கேட்டால், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். “பேரெல்லாம் போடாதிய. கணக்கப்பிள்ளை பாத்தாருன்னா அடுத்த சீசனுக்கு வராதங்காரு.” படம் இருந்தால் பரவாயில்லை, தொப்பியும் துணியுமாக மூடிய முகம், யார் என்று சத்தியம் செய்ய முடியாது, பெயர் எழுத்தில் இருந்தால் தப்ப முடியாது. என் கேமரன் வாதத்தை அவர்களிடம் எடுத்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. விரும்பியவர்களுக்குப் பெயர், விரும்பாதவர்களுக்கு வெறும் சுவர் என்று முடிந்தது. பார்க்க வந்த ஒரு பேராசிரியர், சில படங்களுக்கு மட்டும் தலைப்பில்லாதது ஆழமான உத்தி என்று பாராட்டினார். நன்றி சொல்லிவிட்டேன்.

நூலகத்து மாடியில் ஒரு கூடம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலம் இருக்க வேண்டும் என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம், நிற்பவரின் கண்மட்டம். அளந்து அளந்து மாட்டினோம். மழைக்காலத்து ஈரத்தில் இரட்டைப் பக்க ஒட்டுநாடா சுவரை விட்டுவிட்டு, ராத்திரியோடு சில படங்கள் கீழே உட்கார்ந்திருந்தன. ஆணி அடிக்க நூலகத்தில் அனுமதி இல்லை. கடைசியில் ஒரு பந்தல்காரர் வந்து, சவுக்குக் கழியைக் குறுக்கே கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டார். அருங்காட்சியக அளவு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினரின் உரை ஆகியவற்றைத் தாண்டிவிடுகிறேன். வருகைக் குறிப்பேட்டில் ‘அருமை’, ‘வாழ்த்துகள்’, ‘பணி தொடரட்டும்’. கேமரா வைத்திருப்பவர்கள் என்ன லென்ஸ் என்று கேட்டார்கள். முதல் கண்காட்சி வைக்கும் எவரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தூணுக்குப் பின்னால், யாரோ போல நின்று என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்தேன். 1967இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வின்னோகிராண்ட், ஃபிரீட்லாண்டரோடு புகைப்படக்காரர் டயான் ஆர்பஸின் படங்கள் மாட்டப்பட்டபோது அவரும் இப்படிக் கூட்டத்துக்குள் நின்று கேட்டதாகச் சொல்வார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அதே அருங்காட்சியகத்தில் அவருடைய சில படங்களை வைத்திருந்தபோது, பார்க்க வந்தவர்கள் கண்ணாடியில் துப்பிவிட்டுப் போனதையும் காலையில் முதல் வேலையாக அதைத் துடைக்க வேண்டியிருந்ததையும் அங்கே வேலை பார்த்தவர் பின்னாளில் சொல்லிப் பதிவாகியிருக்கிறது. துப்பியவர்கள் படத்தில் இல்லாதவர்கள். படத்தில் இருந்தவர்களின் கருத்து வேறு மாதிரி. ஆர்பஸின் புகழ்பெற்ற அந்த இரட்டைச் சிறுமிகளின் அப்பா, என் பிள்ளைகளை இத்தனை மோசமாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததே இல்லை என்கிற பொருளில் பல ஆண்டுகள் கழித்துப் பேசினார். உலகமே மெச்சும் படம். அவருக்கு அது ‘சரியா விழல’. இந்த ஒரு வாக்கியத்துக்கு விமர்சகர்களிடம் பதில் கிடையாது. கேமராவைத் தொட்ட எல்லாருக்கும் இது எதிரே வரும் வாக்கியம்.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார்கள். செருப்பை மாடிப்படியில் கழற்றிவிட்டு, பிள்ளைகளோடு, கும்பலாக. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் வழக்கமெல்லாம் இல்லை. நுழைந்ததும் கலைந்து அவரவர் தங்களைத் தேடினார்கள். முகமே இல்லாமல் வெறும் கைகளை நான் எடுத்திருந்த படத்தைப் பார்த்து யாருடைய கை என்று ஒரு நொடியில் சொன்னார்கள். உப்புப் படிந்திருக்கும் விதத்தைப் பார்த்து எந்த மாதம் எடுத்தது என்றார்கள், தட்டுமேட்டில் குவித்திருந்த உயரத்தைப் பார்த்து யாருடைய அளம் என்றார்கள். பேச்சு அங்கிருந்து மழைக்கால உதவித்தொகைக்குத் தாவியது. 2022லிருந்து அரசு தரும் 5,000 ரூபாய் யாருக்கு வந்தது, யாருக்கு நலவாரிய அட்டை இல்லாததால் வரவில்லை என்று கூடத்தின் நடுவில் ஒரு கூட்டமே நடந்தது. படங்கள் பாட்டுக்குத் தொங்கின. குறிப்பேட்டில் எழுதிய எவரும் அவற்றை இவ்வளவு உபயோகமாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

பழனி குமாரின் நினைவு வந்தது. மதுரைப் பக்கத்து ஊர்க்காரர், அம்மா மீன் விற்பவர். கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவில் இருந்து, மலக்குழிச் சாவுகளை விடாமல் பதிவு செய்தவர். ‘நானும் ஒரு குழந்தை’ என்ற பெயரில் 2017இல் அவர் அந்தப் படங்களைக் கொண்டுவந்தபோது அவற்றைக் கலை என்ற வரிசையில் வைப்பதா சாட்சியம் என்ற வரிசையில் வைப்பதா என்று பலர் தடுமாறினார்கள். பிற்பாடு உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்து அவர்கள் எடுத்ததையும் சுவரில் ஏற்றினார். யாருக்காக மாட்டுகிறோம் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. சென்னை போட்டோ பியனாலே 2016இல் தொடங்கியபோது பறக்கும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் படங்களை வைத்ததும் நல்ல காரியம்தான். ஆனால் அங்கே ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் பார்ப்பது பிறரின் படங்களை. தன் படத்துக்கு முன்னால் தானே வந்து நிற்பது வேறு சங்கதி.

அந்த அம்மா அப்படித்தான் வந்து நின்றார். தலையில் கூடையில்லாமல், முகத்தில் துணியில்லாமல் அவரைப் பார்ப்பதே எனக்குப் புதிது. படத்தில் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, நெற்றி வரை துண்டு, வெயிலுக்கு இடுங்கிய கண், கழுத்தில் உப்புப் பூத்த வியர்வை. நான் எடுத்ததில் அதுதான் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை; அழைப்பிதழிலும் அதைத்தான் போட்டிருந்தோம். அவர் வெகுநேரம் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏ தம்பி, உசுரோட இருக்கவள இப்படி மாட்டி வெளக்கும் போட்டிருக்கியளே. மாலதான் பாக்கி.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்தது. “சொல்லியிருந்தா நல்ல சேலையா உடுத்தியிருப்பேம்லா. இந்தச் சட்டையோடயா ஊருக்குக் காட்டுவாக? கொஞ்சம் கலராவும் போட்டிருக்கலாம்.”

லேப்பில் நான் காத்த கொள்கைக்கு நேர் எதிரான தீர்ப்பு, படத்துக்கு உரியவரிடமிருந்தே. கறுப்பை வெளுக்கக் கூடாது என்ற என் அரசியலை அவரிடம் விளக்கியிருக்கலாம். அவருக்குப் புரியாமல் போயிருக்காது. ஆனால் அந்தச் சட்டை அவருக்கு வேலை, அவர் அல்ல. நாள் முழுக்க உப்பில் நின்றவர் வீட்டுக்குப் போய்க் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்கிற பொழுதில் யாரும் கேமராவோடு வந்ததில்லை. உழைப்பின் கண்ணியம் என்று நாம் சொல்லிக்கொள்வது உழைக்கிற நேரத்தை மட்டும் எடுப்பதற்கு வசதியான ஒரு சாக்காகவும் இருக்கலாம். இதை நான் முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. அந்தப் படம் நல்ல படம் என்றே இன்னும் நினைக்கிறேன்.

மறுபடி வந்தார், தனியாக. ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்றார். எதற்கு என்று கேட்டதற்குக் கூச்சமே இல்லாமல் சொன்னார். “நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா வைக்கதுக்கு வேணும்லா. ரேஷன் கார்டுல இருக்கத வெட்டிப் பெருசாக்கினா பேய் மாதிரி இருக்கும். எங்க அக்காளுக்கு அப்படித்தான் வச்சாக.” நம் ஊர்களில் பெரியவர்கள் பலர் இப்படி முன்கூட்டியே ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்து வருவார்கள், பிரேம் போட்டுப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். தன் சாவுக்குப் பிறகான கண்காட்சிக்குத் தானே படம் தேர்ந்துவைக்கும் இந்த வழக்கத்தில் எனக்குத் தெரிந்து பயங்கரம் எதுவும் இல்லை. தன்னை எப்படி மாட்ட வேண்டும் என்ற முடிவைக் கைமாற்றிவிடாத தெளிவு இருக்கிறது.

மாலை விழாத படங்களின் கதையும் இருக்கிறது. இலங்கையின் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள், பெரும்பாலும் தாய்மார், சாலையோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். பிறகு வவுனியாவிலும் முல்லைத்தீவிலும். கொட்டகைத் தடுப்பு முழுக்கப் படங்கள். அடையாள அட்டைக்கு எடுத்தது, பள்ளிக்கூடத்தில் எடுத்தது, கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து பிரித்துப் பெரிதாக்கியது. அவற்றை எடுத்த எவரும் அவை ஒரு நாள் பொதுவில் மாட்டப்படும் என்று நினைத்து எடுக்கவில்லை. மாலை போடுவது என்றால் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வது. அதை அரசு சொல்லச் சொல்கிறது, அவர்கள் மறுக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் வெளிறினாலும் அந்தப் படங்கள் உயிரோடு இருப்பவர்களின் படங்களாகவே தொங்குகின்றன. எந்தக் கலைக்கூடத்திலும் இவ்வளவு கறாராக ஒரு விதி பின்பற்றப்பட்டு நான் அறிந்ததில்லை.

அந்த அம்மாவை ஸ்டுடியோவில் உட்கார வைத்து எடுத்தேன். மாம்பழ நிறச் சேலை, காதில் இரவல் தோடு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நான் கோணம் தேடிச் சுற்றியபோது நேராக எடு என்றார். லேப் தம்பிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே முகத்துக்கு இரண்டு சுற்று வெளிச்சம் ஏற்றி, பின்னால் நீலம் கொடுத்து, ஓரத்தில் மெல்லிய புகைமூட்டமும் சேர்த்துவிட்டார். இம்முறை நான் தடுக்கவில்லை. இப்படிப்பட்ட படங்களை மலிவான ரசனை என்று ஒதுக்குகிறவர்கள் அதில் உட்கார்ந்திருப்பவரின் முதுகை ஒரு தடவை கவனிக்கலாம். பார்க்கப்போகிறவர் யார், எங்கிருந்து பார்ப்பார் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருக்கும் முதுகு அது.

அடுத்த கண்காட்சி திருநெல்வேலியில் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சங்கத்து நண்பருக்குப் பிடிக்கவில்லை. தொழிலாளர் கோரிக்கையின் வேகத்தை அந்த நீலப் பின்னணி குறைத்துவிடும் என்றார். அதில் நியாயம் உண்டு. கடைசியில் அந்த அம்மாவிடமே கேட்போம் என்று போனோம். வீட்டு வாசலில் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தவர் கையைக் கழுவாமலே கேட்டுக்கொண்டார். மாட்டுவதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் ஒரு நிபந்தனை.

“என் படத்தப் பெருசாப் போடு. ஒம் படத்தச் சின்னதாப் போடு.”